1105-ஐக் கையால் பிரித்து மேய்வது எப்படி

ராமானுஜன் புண்ணியத்தில் 1729 எல்லோருக்கும் தெரியும். அதே குடும்பத்தில் (கார்மைக்கேல் எண்கள், அதாவது பகா எண் இல்லாமலே பகா எண் போல நடிப்பவை) அதற்கு முன்னால் பிறந்த 1105-ஐத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 5-இல் முடிகிறது, பார்த்ததுமே 5-ஆல் வகுபடும் என்று தெரிந்துவிடுகிறது, அதனால் ஏதோ சாதாரண எண் என்று தாண்டிப் போய்விடுகிறோம். எண்களின் சிறப்புகளைத் தொகுக்கும் பட்டியல்களில் தேடினால் இதன் பேரில் ஒரு கொத்துத் தகவல் கிடைக்கும்: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக நான்கு விதமாக எழுதலாம், கார்மைக்கேல் எண், 13-க்கு 13 மாயச் சதுரத்தின் (வரிசை, நெடுவரிசை, மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் ஒரே விடை வரும் கட்டம்) கூட்டுத்தொகை, இரும எண்ணாக எழுதினால் முன்னும் பின்னும் ஒன்றுபோல வாசிக்கும், இப்படி. படித்த ஐந்தாவது நிமிடம் மறந்துபோகும், ஏனென்றால் ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன உறவு என்று பட்டியல் சொல்வதில்லை. உண்மையில் இவற்றில் முக்கால்வாசி ஒரே ஊற்றிலிருந்து கிளம்புகிறவை. அந்த ஊற்றைப் பிடிப்பதுதான் இங்கே வேலை. ஒரு தாள், பேனா, சாதாரண கால்குலேட்டர் இருந்தால் போதும். கணக்கில் பெருக்கல், வகுத்தல், மீதி இந்த மூன்றுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

முதல் வேலை எப்போதும் காரணிப்படுத்துவது. 5-ஆல் வகுத்தால் 221. இதை 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம், ஆனால் அதைவிட நல்ல வழி 221-க்கு மேலே உள்ள அடுத்த வர்க்கத்தைப் பார்ப்பது: 15² = 225, அதிலிருந்து 221 போக 4, அது 2². ஆக 221 = 15² − 2² = (15 − 2)(15 + 2) = 13 × 17. முடிந்தது.

1105 = 5 × 13 × 17.

இதே தந்திரத்தை 1105 முழுவதுக்கும் நேரடியாகச் செய்யலாம், ஃபெர்மா சொன்ன முறை இது: 34² − 1105 = 51, வர்க்கம் இல்லை; 35² − 1105 = 120, இல்லை; இப்படியே ஏறினால் எட்டாவது முயற்சியில் 41² − 1105 = 576 = 24² வந்து நிற்கும், (41 − 24)(41 + 24) = 17 × 65. கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் 24 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், அது திரும்பத் திரும்ப வந்து தலைகாட்டும்.

வகுத்திகளின் எண்ணிக்கை, கூட்டல் இதெல்லாம் ஒரு நிமிட வேலை. மூன்று வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை, அதனால் 2 × 2 × 2 = 8 வகுத்திகள்: 1, 5, 13, 17, 65, 85, 221, 1105. அவற்றின் கூட்டல் 6 × 14 × 18 = 1512. 1105-உடன் பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்றால் 4 × 12 × 16 = 768. இந்த 768 பின்னால் வேண்டியிருக்கும், ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மூன்று காரணிகளையும் 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 5-க்கு 1, 13-க்கு 1, 17-க்கு 1. மூன்றுமே நான்கின் மடங்கைவிட ஒன்று அதிகம். மட்டுமல்ல, இந்த வகையைச் சேர்ந்த பகா எண்களை வரிசையாக எழுதினால் முதலில் வருகிற மூன்றும் இவைதான்: 5, 13, 17. நான் சொன்ன ஊற்று இதுதான்.

இதனால் என்ன பயன்? ஒரு வர்க்க எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2. எந்தக் காலத்திலும் 3 வராது. அதனால் 7, 11, 19 போன்ற எண்களை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. மறுபக்கம், மீதி 1 வருகிற ஒவ்வொரு பகா எண்ணையும் அப்படி எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாக: 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னார், நிரூபணம் அடுத்த நூற்றாண்டில் ஆய்லரிடமிருந்து வந்தது. நம் மூன்றுக்கும் அது எளிது: 5 = 1² + 2², 13 = 2² + 3², 17 = 1² + 4².

சரி, 1105-க்கு வருவோம். முதலில் முரட்டுத்தனமாகவே தேடிப் பாருங்கள், மொத்தம் பத்தே பத்துக் கழித்தல்தான். 33² = 1089, மிச்சம் 16, அது 4². 32² = 1024, மிச்சம் 81, அது 9². 31² = 961, மிச்சம் 144, அது 12². மூன்று முயற்சியில் மூன்றும் விழுகிறது, இப்படி வரிசையாக வந்தால் எல்லாமே விழுந்துவிடும் போல என்று தோன்றும். ஆனால் அடுத்து வருகிற 205, 264, 321, 376, 429, 480 எதுவும் வர்க்கம் இல்லை. 321 மட்டும் 18² = 324-க்கு மூன்று குறைச்சல், கடுப்பேற்றும். கடைசியில் 24² = 576, மிச்சம் 529, அது 23². இதற்குக் கீழே போனால் அதே ஜோடிகள் தலைகீழாக வரும், அதனால் நிறுத்திவிடலாம். ஆக நான்கு விதம்:

4² + 33², 9² + 32², 12² + 31², 23² + 24².

கிடைத்துவிட்டது, ஆனால் ஏன் நான்கு என்று இந்தத் தேடல் சொல்லாது. அதற்கு பிரம்மகுப்தரிடம் போக வேண்டும். 628-இல் அவர் எழுதிய நூலில் உள்ள ஒரு சமன்பாட்டின் எளிய வடிவம் இது: (அ² + ஆ²)(இ² + ஈ²) என்ற பெருக்கலை (அஇ − ஆஈ)² + (அஈ + ஆஇ)² என்றும் எழுதலாம், குறிகளை மாற்றி (அஇ + ஆஈ)² + (அஈ − ஆஇ)² என்றும் எழுதலாம். அதாவது வர்க்கக் கூட்டல்களாக உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதும் வர்க்கக் கூட்டல்தான், அதுவும் பொதுவாக இரண்டு விதமாக.

5-க்கு (1, 2), 13-க்கு (2, 3) போட்டுப் பாருங்கள். 1×2 − 2×3 = −4, 1×3 + 2×2 = 7, அதனால் 65 = 4² + 7². குறி மாற்றினால் 8, −1; 65 = 8² + 1². வர்க்கம்தானே, கழித்தல் குறியைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போது இந்த இரண்டு ஜோடிகளையும் 17-இன் (1, 4)-உடன் பெருக்குங்கள். (4, 7)-இலிருந்து 24, 23 ஒன்று, 32, 9 மற்றொன்று. (8, 1)-ஐ (1, 8) என்று எழுதிக்கொண்டால் 31, 12 ஒன்று, 33, 4 இன்னொன்று. தேடிக் கண்டுபிடித்த நான்கும் அப்படியே வந்துவிட்டன! ஒரு காரணி இருந்தால் ஒரு விதம், இரண்டு வெவ்வேறு காரணி இருந்தால் இரண்டு, மூன்று இருந்தால் நான்கு. ஒவ்வொரு புதுக் காரணியும் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறது. 1105-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்கு விதம் கிடையாது. முதலில் வருகிற மூன்று காரணிகளையும் இது எடுத்துக்கொண்டுவிட்டதே.

இதே காரணத்தால்தான் 1105-இன் பக்கத்து வீட்டுக்காரர்களான 561-உம் 1729-உம் இந்த விளையாட்டுக்கு வரவே முடியாது. 561 = 3 × 11 × 17, 1729 = 7 × 13 × 19; இரண்டிலும் மீதி 3 வருகிற காரணிகள் ஒற்றையாக நிற்கின்றன, ஒருமுறைகூட இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. கனங்களில் கொடிகட்டிப் பறக்கும் 1729 வர்க்கங்களில் பூஜ்யம்.

செங்கோண முக்கோணம் இதிலிருந்து இலவசமாக வரும். ஒவ்வொரு ஜோடியிலும் பெரியதன் வர்க்கத்திலிருந்து சிறியதன் வர்க்கத்தைக் கழித்தால் ஒரு பக்கம், இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் இன்னொரு பக்கம், கர்ணம் 1105. (33, 4) தருவது 1073, 264. (32, 9) தருவது 943, 576. (31, 12) தருவது 817, 744. (24, 23) தருவது 47, 1104, இதுதான் எனக்குப் பிடித்தது: ஒரு பக்கம் 1104, கர்ணம் 1105, மூன்றாவது பக்கம் வெறும் 47, ஏறக்குறைய ஒரு கோடு மாதிரி நீண்டு கிடக்கும் முக்கோணம். இவை பொதுக் காரணி இல்லாத நான்கு. சின்ன முக்கோணங்களைப் பெருக்கிப் பெரிதாக்கியவற்றையும் (3, 4, 5-ஐ 221 மடங்காக்குவது போல) சேர்த்தால் மொத்தம் 13.

அடுத்தது கார்மைக்கேல் விஷயம், இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும். ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது: ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத எந்த எண்ணையும், பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இதைத் திருப்பிப் போட்டு, மீதி 1 வந்தால் அது பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று சோதனையாக வைத்துக்கொள்ளத் தோன்றும். 1105-இல் அதைச் செய்து பாருங்கள். 2-ஐ 1104 முறை பெருக்க வேண்டாம்; 2²⁴ = 16777216 என்பது திரையில் காட்டும் வண்ணங்களின் எண்ணிக்கையாகப் பலருக்கும் பழக்கமான எண், அதில் ஒன்றைக் கழித்து 16777215-ஐ 1105-ஆல் வகுத்தால் துல்லியமாக 15183 வரும், கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். அப்படியென்றால் 2²⁴-இன் மீதி 1. 1104 என்பது 24 × 46, அதனால் 2¹¹⁰⁴-இன் மீதியும் 1. சோதனை சொல்கிறது: 1105 பகா எண் போல இருக்கிறது. கடைசி இலக்கம் 5 என்பதைப் பள்ளிக் குழந்தை பார்த்துச் சொல்லிவிடும், இவ்வளவு பெரிய தேற்றத்துக்குத் தெரியவில்லை!

2-ஐ விட்டு 3, 7, 11 என்று எதை வைத்தாலும் இதே கதைதான். ஏன் என்று பார்க்க, 1104-ஐ ஒவ்வொரு காரணியைவிட ஒன்று குறைந்த எண்ணால் வகுங்கள்: 1104 ÷ 4 = 276, 1104 ÷ 12 = 92, 1104 ÷ 16 = 69. மூன்றும் மீதியின்றி. 5, 13, 17 மூன்றுமே தனித்தனியாக 1 என்று மீதி தருகின்றன, மூன்றும் ஒத்துப்போனால் 1105-உம் ஒத்துப்போக வேண்டியதுதான். இந்த நிபந்தனையை 1899-இல் கோர்செல்ட் எழுதினார், ஆனால் எடுத்துக்காட்டாக ஒரு எண்கூடக் கொடுக்கவில்லை. 1910-இல் கார்மைக்கேல் 561-ஐக் கண்டுபிடித்ததால் பெயர் அவருக்குப் போனது. இத்தனைக்கும் 1885-லேயே வாட்ஸ்லாவ் ஷிமெர்கா என்பவர் 561, 1105, 1729, 2465, 2821, 6601, 8911 என்று முதல் ஏழையும் பட்டியலிட்டிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. இப்படிப்பட்டவை முடிவில்லாமல் உண்டு என்று நிரூபணமானது 1994-இல்தான்.

ஓரத்தில் குறித்த 768 இப்போது வேண்டும். 1 முதல் 1104 வரை ஒவ்வொரு எண்ணாக வைத்துச் சோதித்தால் 768 முறை 1105 தப்பித்துவிடும், அதாவது ஏறக்குறைய 70 சதவீதம். மாட்டுவது 5, 13, 17-இல் ஏதாவது ஒன்றின் மடங்கை வைத்துச் சோதித்தால் மட்டும்.

இதை மடக்க வழி இருக்கிறது, மில்லர்-ராபின் சோதனை என்று பெயர், கையாலேயே செய்யலாம். 1104-ஐ முடிந்தவரை பாதியாக்குங்கள்: 552, 276, 138, 69. இப்போது கீழிருந்து மேலே ஏற வேண்டும், அதனால் முதலில் 2⁶⁹-இன் மீதி. பெரிய எண்களைத் தவிர்க்க ஒரு யோசனை: 2¹⁰ = 1024, அது 1105-க்கு 81 குறைவு, அதை −81 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கமாக்கினால் 2²⁰ என்பது 6561, மீதி 1036, அதாவது −69. இன்னொரு வர்க்கம், 2⁴⁰ என்பது 4761, மீதி 341. 2⁶⁰ என்பது 341 × (−69) = −23529, மீதி −324. அதை 2⁹ = 512-ஆல் பெருக்கினால் −165888, மீதி −138. இதுதான் 2⁶⁹. நான் முதல்முறை செய்தபோது இந்த இடத்தில் குறியைத் தவறவிட்டு 138 என்று எழுதிவிட்டேன், அடுத்த படியில் வர்க்கமாக்கியதும் தவறு தானாக மறைந்துபோனது, எல்லாக் கணக்கிலும் இவ்வளவு இரக்கம் கிடைக்காது.

இனி மேலே ஏறுங்கள். 138² = 19044, மீதி 259. 259² = 67081, மீதி 781. 781² = 609961, மீதி 1. நிறுத்துங்கள், இங்கேதான் எண் மாட்டுகிறது. வர்க்கமாக்கினால் 1 தருகிற எண், பகா எண்ணின் உலகத்தில் 1 அல்லது −1 ஆக மட்டுமே இருக்க முடியும். 781 இரண்டும் இல்லை. ஆகவே 1105 பகா எண் இல்லை, இனி வாதத்துக்கே இடமில்லை. அதோடு 781² − 1 = 780 × 782 என்பது 1105-ஆல் வகுபடுகிறது, ஆனால் 780, 782 இரண்டில் எதுவும் தனியாக வகுபடவில்லை, அப்படியென்றால் 1105-இன் காரணிகள் இரண்டுக்கும் பங்கு பிரிந்திருக்க வேண்டும். 780-க்கும் 1105-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 65. 782-க்கும் 1105-க்கும் 17. பொய்யைப் பிடித்ததோடு காரணிகளும் கையில் வந்துவிட்டன. 768 எண்கள் ஏமாந்த இடத்தில் இந்தச் சோதனையில் ஏமாறுபவை வெறும் 30.

இரும எண் விஷயத்தை நான் ரொம்ப நாள் அலட்சியமாக ஒதுக்கி வைத்திருந்தேன். 1105 = 1024 + 64 + 16 + 1, அதனால் 10001010001, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வாசிக்கிறது, நான்கடிமானத்தில் (0, 1, 2, 3 என்ற நான்கு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதினால்) 101101, அதுவும் அப்படியே. அடிமானத்தை மாற்றினால் மறைந்துபோகிற சங்கதிக்கு என்ன மதிப்பு என்று நினைத்தேன். தவறு. 10001-ஐயும் 1000001-ஐயும் பெருக்கிப் பாருங்கள் (சாதாரணப் பதின்ம எண்ணாகவே பெருக்கலாம், எங்கும் மிகுதி ஏறாது): 10001010001. இரும எண்ணாக வாசித்தால் முதலாவது 2⁴ + 1 = 17, இரண்டாவது 2⁶ + 1 = 65. அதாவது 1105 = (2⁴ + 1)(2⁶ + 1). இந்த வடிவம்தான் 2²⁴ − 1 ஏன் 1105-ஆல் வகுபட்டது என்பதற்கும் பதில்: 2⁴ + 1 என்பது 2⁸ − 1-ஐ வகுக்கும், 2⁶ + 1 என்பது 2¹² − 1-ஐ வகுக்கும், 8-க்கும் 12-க்கும் மீச்சிறு பொது மடங்கு 24.

1-ஐ 1105-ஆல் வகுத்தால் வரும் தசமத்தையும் இதே பாணியில் கணிக்கலாம், நீள வகுத்தல் தேவையில்லை. 5 இருப்பதால் முதல் இலக்கம் ஒன்று தனியாக நிற்கும், பிறகு சுழற்சி. 13-க்குச் சுழற்சி 6, 17-க்கு 16, இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 48. ஆக 48 இலக்கங்களுக்கு ஒருமுறை திரும்பும். 4, 12, 16 மூன்றுக்கும் பொது மடங்கைப் பார்த்தாலும் அதே 48 வரும், 1104 அதன் 23 மடங்கு.

மாயச் சதுரம் மட்டும்தான் இந்த ஊற்றோடு பெரிதாக ஒட்டாதது. 1 முதல் 169 வரை கூட்டினால் 14365, 13 வரிசைகளுக்குப் பங்கிட்டால் 1105, அவ்வளவுதான். வரைந்து பார்க்க ஆசை இருந்தால் மேல் வரிசையின் நடுக் கட்டத்தில் 1 போட்டு, ஒவ்வொரு முறையும் மேல்-வலமாகக் குறுக்கே நகருங்கள், ஓரம் தாண்டினால் எதிர் ஓரத்தில் நுழையுங்கள், கட்டம் நிரம்பியிருந்தால் நேர் கீழே இறங்குங்கள். நடுக் கட்டத்தில் 85 வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

முறை பிடிபட்டதா என்று பார்க்க 2465-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5 × 17 × 29, மூன்றுமே நம் வகைக் காரணிகள், ஷிமெர்காவின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் 23² + 24² போல அடுத்தடுத்த எண்களின் வர்க்கம் இதற்குக் கிடையாது, தசமச் சுழற்சியும் 48 இல்லை, 112. வர்க்க ஜோடிகளில் 16² + 47² கிடைத்தால் வழி சரி, இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது.